இரண்டு மணி பிரஷர்

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். மற்றவர்கள் மாத்திரை மயக்கம் என்று சொல்லிக்கொள்ளட்டும். என் கணவர் குணசேகர் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, எங்கிருந்தோ மல்லிகைப்பூ வாசனை என்று பழகியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். என்னுடையது பட்டப்பகலில் வந்தது. டெட்டால் வாசனைதான் அடித்தது.

எங்கள் வீடு பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில். அவர் கம்பெனி கேப் ஓட்டுகிறார். நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் கஸ்டமர் சப்போர்ட் வேலையில் இருந்தேன். முதல் கர்ப்பத்தில் இருபத்தைந்தாவது வாரமே பிரஷர் எகிறி, குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். அது அழவே இல்லை. அதற்கப்புறம் எனக்குள் ஏதோ ஒரு இடம் மரத்துப்போனது. இரண்டாவது முறை கர்ப்பமானபோது சந்தோஷப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. வளைகாப்பு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இருபத்தொன்பதாவது வாரம் செக்கப்புக்குப் போனேன். கால் வீங்கியிருந்தது. மோதிரம் விரலில் இறுகியிருந்தது. பிரஷர் நூற்றைம்பத்திரண்டு. சிறுநீரில் புரதம் போனது. அன்றே அட்மிட் செய்துவிட்டார்கள். மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம்.

டாக்டர் தெளிவாகச் சொன்னார். குழந்தை எடை எண்ணூற்றைம்பது கிராம். வளர்ச்சி குறைவு. முப்பத்துநாலு வாரம் வரை உள்ளே இருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. ஆனால் பிரஷர் நூற்றறுபதைத் தொட்டுவிட்டால் காத்திருக்க முடியாது. எனக்கு ஃபிட்ஸ் வரலாம், உயிருக்கே ஆபத்து. எடுத்தே ஆக வேண்டும்.

ஆக, எனக்கு ஒரே ஒரு வேலை. நூற்றறுபதைத் தொடாமல் படுத்திருப்பது.

வார்டில் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரஷர் பார்ப்பார்கள். இரண்டு மணி, ஆறு மணி, பத்து மணி என்று பகலும் இரவும். சக்கரம் வைத்த மிஷினைத் தள்ளிக்கொண்டு சோனியா என்ற இளம் நர்ஸ் வருவாள். கையில் பட்டையைச் சுற்றுவாள். கிர்ர்ர்... என்று இறுகும். புஸ்ஸ்... என்று விடும். அது முடிவதற்குள் பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, தலைவலியில் தொடங்கி மூன்று கேள்வி கேட்பாள்.

"தலெநோவு இதியா மேடம்? கண்ணு மங்கலா தெரியுதா? மேல் வயிறு வலிக்குதா?"

இல்லை, இல்லை, இல்லை. எல்லாப் பெண்களும் தூக்கத்தில்கூட இதைத்தான் சொன்னார்கள்.

முறைப்படி நம்மை எழுப்பி உட்கார வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். தலைமை நர்ஸ் மமதா இருந்தால் அப்படித்தான் நடக்கும். அந்த வாரம் அவர் தங்கை கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். சோனியா பாவம், மத்தியானத்தில் மொத்த வார்டுக்கும் அவள் ஒருத்தி. தூங்குகிறவர்களை எழுப்ப மாட்டாள். படுத்தபடியே எந்தக் கை கிடைக்கிறதோ அதில் பட்டையைச் சுற்றுவாள்.

என்னுடையது ஆறாம் நம்பர் கட்டில். எனக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் ஒரு பச்சைத் திரை. அது எப்போதும் மூடியே இருந்தது. அதற்குப் பின்னால் ஏழாம் நம்பர் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அட்மிட் ஆன மறுநாள், புதன்கிழமை. மத்தியானம் ஒன்று ஐம்பது. வெளியே ஜூலை மாதத்து மூட்டம். வார்டில் பகலிலேயே விளக்கு எரிந்தது. திரைப் பக்கமிருந்து ஒரு பெண் வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நிறைமாத வயிறு மாதிரித் தெரிந்தது. முகம் ஊதியிருந்தது. எங்கள் வார்டில் எல்லா முகமும் ஊதித்தான் இருக்கும்.

"இன்னாம்மா, கேஜிஎஃப்பா?"

"ஆமா. எப்டித் தெரியும்?"

"உன் வூட்டுக்காரர் போன்ல பேசினது காதுல வுழுந்துச்சு. எந்த லைன்?"

தங்கவயல்காரர்கள் ஊர் பெயரைக் கேட்க மாட்டார்கள். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எந்த வரிசை என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டால் பாதிச் சொந்தம் ஆன மாதிரி. எனக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"மாரிகுப்பம் பக்கம். நீங்க?"

"சாம்பியன் ரீஃப். கட்டிக்குடுத்தது இங்க பெங்களூர்ல, மர்பி டவுன்ல. ஆரோக்கியமேரி. மேரின்னே கூப்டு." அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "காலைல எவ்ளோ காட்டுச்சு?"

"நூத்தி அம்பத்தாறு."

"ப்ச்... நிமிந்து உக்காந்து குடுத்தா அப்டித்தான் காட்டும். நான் சொல்றத கேளு. இடது பக்கமா ஒருக்களிச்சிப் படு. தூங்கற மாதிரி கண்ண மூடிக்கோ. மேல இருக்குது பாரு வலது கை, அதக் குடு. கை நெஞ்சுக்கு மேல இருந்தா மிசின் கம்மியாத்தான் காட்டும்."

"அது ஏமாத்தறது இல்லியா?"

"யாரை? மிசினையா?" சிரித்தாள். "பாப்பா உள்ள இருந்தா பொழைக்கும்மா. இருக்கட்டும் உள்ளயே."

மூன்று வருடமாக ஃபோனில் "உங்கள் புகாரை உடனே கவனிக்கிறோம்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். ஒரு மிஷினிடம் பொய் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இடது பக்கம் படுப்பது குழந்தைக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருந்தார். யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டு மணிக்குச் சோனியா வந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். கிர்ர்ர்... புஸ்ஸ்...

நூற்று முப்பத்தெட்டு.

மாலையில் டாக்டர் முகம் மலர்ந்தது. மாத்திரை வேலை செய்கிறது என்றார். குணசேகர் கான்டீனுக்குப் போய் இரண்டு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தார். முந்தின நாளிலிருந்து அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் அதே தூக்கம், அதே வலது கை. மேரி மத்தியானம் மட்டும் வருவாள். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால். சோனியா வரும்போது பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

சின்னச் சின்னதாக ஏதோ சரியில்லை. ஆனால் அப்போது எதுவும் என்னை உறுத்தவில்லை. அந்த நாட்களில் எதுவுமே என்னை உறுத்தவில்லை.

சாப்பாட்டு வண்டி என் கட்டிலோடு திரும்பிவிடும். திரைப் பக்கம் போகாது. "உங்களுக்கு?" என்று கேட்டேன். "பசியே இல்லம்மா" என்றாள். உப்பில்லாத ரசம் சாதத்துக்கு யாருக்குத்தான் பசிக்கும் என்று விட்டுவிட்டேன்.

அவள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள் இருந்தன. பச்சையும் சிவப்பும். வார்டில் வளையலுக்கு அனுமதி இல்லை. "ஏழாம் மாசம் போட்டது. கழட்ட வரல" என்றாள். மணிக்கட்டுச் சதை வீங்கி வளையல்களை மூடியிருந்தது. கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள்.

ஒரு வளையல்கூடச் சத்தம் போடாது.

வியாழக்கிழமை என் கால் வீக்கத்தைக் காட்டினேன். கட்டை விரலால் அழுத்தினால் குழி விழும், கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். "எனக்கும்தான், பாரு" என்று அவளும் தன் காலை அழுத்திக் காட்டினாள். ஆழமாக ஒரு குழி.

வெள்ளிக்கிழமை அவள் வந்து உட்கார்ந்தபோது புடவை கொஞ்சம் விலகியிருந்தது. அந்தக் குழி அப்படியே இருந்தது...

"உங்களுக்கு பிரஷர் எவ்ளோக்கா?" என்று கேட்டேன்.

"நார்மல்மா. எல்லாரும் சந்தோசமா இருக்காங்க."

அன்று இரவு எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. நெற்றிக்குள் யாரோ உட்கார்ந்து அம்மி கொத்துகிற மாதிரி. சனிக்கிழமை காலையில் குழல்விளக்கைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மினுக்கியது. சோனியா மூன்று கேள்வியும் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை என்றேன். மிஷின் நூற்று நாற்பது காட்டியது.

சனிக்கிழமை மத்தியானம். இரண்டு மணி.

கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சோனியா பட்டையைச் சுற்றினாள். கை கனத்தது. என்னால் அதற்கு மேல் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. சரி, போகட்டும் என்று தளர விட்டேன்.

கை கீழே விழவில்லை.

யாரோ பிடித்திருந்தார்கள். முழங்கைக்கு அடியில். ஐந்து விரல். ஐஸ் மாதிரி.

சோனியா என்று நினைத்தேன். ஆனால் சோனியாவின் குரல் கால்மாட்டில் கேட்டது. பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தேன்.

சதைக்குள் புதைந்த பச்சை வளையல். அதுதான் முதலில் தெரிந்தது...

கிர்ர்ர்... புஸ்ஸ்...

"நூத்து முப்பத்தி ஆறு. குட், மேடம்" என்றாள் சோனியா. ஸ்டூலை இடித்துக்கொண்டு போனாள். ஸ்டூல் காலியாக நகர்ந்தது.

அன்று மாலை குணசேகரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் குழந்தைக்குத் தொட்டில் விலை விசாரித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் வாயில் தொட்டில் என்ற வார்த்தை வந்து இரண்டு வருடம் ஆகிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை.

காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மேல் வயிற்றில், விலா எலும்புக்குக் கீழே ஒரு வலி. குத்துகிற வலி. நான் செத்தாலும் பரவாயில்லை, குழந்தை இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வலி வந்ததும் அப்படி நினைக்க முடியவில்லை. உயிர்மேல் ஆசை வந்துவிட்டது. அதுதான் உண்மை.

இரண்டு மணிக்குச் சோனியா கேட்கும்போது மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒன்று ஐம்பத்தைந்து. வார்டு முழுக்கத் தூக்கம். மின்விசிறிச் சத்தம் மட்டும். டக்... டக்... டக்...

ஸ்டூலில் அவள் இருந்தாள். வந்ததை நான் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா" என்றாள்.

பேச வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை.

தூரத்தில் சக்கரச் சத்தம். கிரீச்... கிரீச்...

உடம்பை அசைக்கப் பார்த்தேன். முடியவில்லை. வலது கை தானாக மேலே போனது. ஐந்து விரல். அதே ஐஸ்.

சோனியா பட்டையைச் சுற்றினாள்.

"தலெநோவு இதியா மேடம்?"

ஆமாம்... ஆமாம்... ஆமாம்...

"இல்ல" என்று ஒரு குரல் சொன்னது.

என் குரல்.

நான் சொல்லவில்லை.

"கண்ணு?"

"இல்ல."

"வயிறு?"

"இல்ல."

காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. சோனியா தலையாட்டினாள்.

கிர்ர்ர்...

என் இடது கை என் உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. மரத்துப்போன கை. அந்த ஒரு கையை மட்டும் யாரும் பிடிக்கவில்லை.

இழுத்தேன்.

வரவில்லை. மறுபடியும் இழுத்தேன்.

வந்தது. அப்படியே சோனியாவின் சட்டையைப் பற்றினேன். அவள் பயந்து "ஏனாயித்து மேடம், என்னாச்சு?" என்றாள். நான் இடது கையை அவள் முன்னால் நீட்டினேன். நீட்டியபடியே இருந்தேன். அவளுக்கு எரிச்சல். இருந்தாலும் பட்டையைக் கழற்றி அந்தக் கையில் சுற்றினாள்.

கிர்ர்ர்... நிற்கவே இல்லை. இறுகிக்கொண்டே போனது...

நூற்றெண்பத்து நாலு. கீழே நூற்றிருபது.

சோனியா மிஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஓடினாள்.

என் வலது கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கை பொத்தென்று விழுந்தது. மேரி என் முகத்துக்கு நேரே குனிந்தாள். கோபம் இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"விட்டுட்டியேம்மா..." என்றாள். "பாப்பாவ விட்டுட்டியே."

அதற்கப்புறம் ஸ்ட்ரெச்சர். வெளிச்சம். கையில் ஏறிய ஊசி உடம்பு முழுக்கத் தீயாக எரிந்தது. அதற்கு மேல் நினைவில்லை.

பெண் குழந்தை. தொள்ளாயிரத்துப் பத்து கிராம். இந்தக் குழந்தை அழுததாம். நான் கேட்கவில்லை, குணசேகர் கேட்டிருக்கிறார். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஒரு முறை என் விரலைப் பிடித்தது. பத்தாம் நாள் காலையில் பெட்டி காலியாக இருந்தது.

டாக்டர் நல்லவர். உட்கார வைத்துப் பேசினார். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தது, உள்ளேயே விட்டிருந்தாலும் உத்தரவாதம் இல்லை என்றார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றும் சொன்னார். தலையாட்டினேன். ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்துச் செக்கப்புக்குப் போனேன். மமதா சிஸ்டர்தான் பிரஷர் பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் பேச விடவில்லை. நூற்றிருபத்து நாலு. பட்டையைக் கழற்றும்போது கேட்டேன்.

"சிஸ்டர், ஏழாம் நம்பர் பெட்ல இருந்தாங்களே, அவங்களுக்கு டெலிவரி ஆயிடுச்சா?"

"ஏழா? அங்கே பெட்டே இல்லியே மேடம். திரைக்குப் பின்னாலே சிலிண்டர்தான் வச்சிருக்கோம்."

"ஆரோக்கியமேரின்னு..."

மமதாவின் கை அப்படியே நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பேரு உங்களுக்கு யார் சொன்னது?"

அவரே மெதுவாகச் சொன்னார்.

"மூணு வருஷம் ஆச்சு. முன்னே அங்கே ஏழாம் பெட் இருந்தது. அவங்க அதுல நாலு வாரம் இருந்தாங்க. ரீடிங் எல்லாம் நார்மல். ஒந்து தினகூட, ஒரு நாள்கூட ஜாஸ்தி காட்டல. முப்பத்திநாலு வாரம் முடிஞ்ச மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு ஃபிட்ஸ் வந்தது. தியேட்டருக்குக் கொண்டு போனோம். திரும்பி வரல."

"குழந்தை?"

அவர் முகம் மாறியது. மொபைலை எடுத்துத் தேடினார்.

"மகு சென்னாகிதெ, குழந்தை நல்லா இருக்கு. ரெண்டு கிலோ இருந்தா. தொட்டதும் அழுதா. அவங்க அப்பா வருஷா வருஷம் பர்த்டேக்கு போட்டோ அனுப்பறார்."

காட்டினார். மூன்று வயதுப் பெண். மஞ்சள் கவுன். கன்னம் முழுக்கக் கேக். கொழுகொழுவென்று, சிரித்துக்கொண்டு.

"அழகா இருக்கா" என்றேன். அழுகை வரவில்லை. அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா பிழைக்கும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. தன்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்யலாமா என்று குணசேகர் இப்போது மெதுவாகக் கேட்க ஆரம்பித்திருக்கிறார். வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்கிறார். அவள் வந்துவிடுவாள் என்று நான் பயப்படுவதாக நினைக்கிறார்.

அவள் வருவாள் என்று எனக்குப் பயமில்லை. வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால், அடுத்த முறை நானே இடது கையை உடம்புக்கு அடியில் அழுத்திக்கொள்வேன் என்றுதான் பயமாக இருக்கிறது.